டிரான்ஸ்ஃபெரின் அண்ணன்

பினாங்குத் தீவில் எவரையும் முகம் பார்த்துப் பேசாத மனிதர் ஒருவர் உண்டு. திமிரும் இல்லை, கூச்சமும் இல்லை. அவர் பார்ப்பதெல்லாம் நம் கீழ் இமையைத்தான். "கொஞ்சம் மேலே பாரு" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் இமையை இழுத்து, உள்ளே சிவப்பா வெளுப்பா என்று பார்த்த பிறகுதான் "சௌக்கியமா?" என்று கேட்பார். நாம் சொல்லும் பதிலை அவர் நம்ப மாட்டார்.

ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூத்த ஆய்வாளர் அவர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் டிரான்ஸ்ஃபெரின் அண்ணன். மனிதனுக்குள் ஆயிரமாயிரம் மரபணுக்கள் இருக்க, இந்த மனிதர் மூன்றாவது குரோமோசோமில் இருக்கும் ஒன்றை மட்டும் தத்தெடுத்திருந்தார். அந்த மரபணு சொல்கிறபடி ஈரல் செய்கிற புரதம்தான் டிரான்ஸ்ஃபெரின். ரத்தத்தில் இருக்கும் இரும்பைப் பிடித்து, தேவையான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை.

"தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் ஓடுற ஃபெரி தெரியும்லா?" என்று ஆரம்பிப்பார். "இரும்பைச் சும்மா அலையவிட்டா உடம்பையே கெடுத்துரும். அதனால ஃபெரியில ஏத்தணும். ஒரு ஃபெரிக்கு ரெண்டே பேர். எலும்பு மஜ்ஜையில இறக்கிட்டுக் காலியாத் திரும்பி வரும், அடுத்த ஆளை ஏத்தும். என்னைக்காச்சும் லீவு கேட்டுச்சா? ஓ.டி. கேட்டுச்சா?"

கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் கேட்டு அப்போதுதான் மனு கொடுத்திருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

நாசி கண்டார் சோற்றுக் கடையில் அவரோடு உட்காருவது பெரிய இம்சை. சோற்றோடு தே தாரிக் குடிக்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து போய்க் கிளாஸைப் பிடுங்கிவிடுவார். ஒருமுறை ஆறடி உயர லோரி டிரைவரிடமே கைவைத்துவிட்டார்.

"சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா இரும்பு உள்ளே ஏறாது தம்பி. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி."

"யோவ், நீ யாருய்யா?" என்று டிரைவர் எழுந்தார். நாங்கள் மேசைக்கு அடியில் இடம் தேடினோம். அண்ணனோ எக்கி நின்று அவர் இமையை இழுத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. வீட்டுல சம்சாரம் எப்படி, மூச்சு வாங்குதா?" என்றார். அடுத்த வாரம் அந்த டிரைவர் மனைவியோடு எங்கள் கூடத்தின் முகப்பு மேசைக்கு வந்து நின்றார். அவர் மனைவிக்கு உண்மையிலேயே ரத்தசோகை மோசமாக இருந்தது.

அந்த முகப்பில் உட்கார்ந்திருந்தவள்தான் நான். ஊசிக்குப் பயப்படுகிற ஒவ்வொருவரிடமும் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நாள் முழுக்கச் சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம். என் பக்கம் ஊசி வந்தால் எனக்குக் கண் இருட்டிவிடும். முகம் வெளுத்து, மாடி ஏறினால் மூச்சு வாங்கியபோதும் நான் ரத்தம் கொடுக்கவில்லை. நானே இரும்பு மாத்திரை வாங்கிக் கடலை மாதிரி தின்றுகொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் சுரேனோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஒரு நாள் அண்ணன் என்னைப் படியில் பிடித்துக்கொண்டார்.

"கௌரி, மேலே பாரு. மாத்திரை எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமாண்ணே."

"ரெண்டு வருசம் தின்னும் இந்த வெளுப்பா? வா, ரத்தம் எடுக்கணும், உட்காரு!"

ஊசி ஏறியபோது நான் போட்ட கூச்சலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சீனப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எறும்புதான் மகளே" என்று மலாய் மொழியில் என் வசனத்தை எனக்கே சொன்னார். மானம் போயிற்று.

முடிவுகள் வந்ததும் அண்ணன் கதவைச் சாத்தினார்.

"ஃபெரி எல்லாம் நெறஞ்சு நிக்குது. உனக்கு இரும்பு குறைச்சலே இல்ல. மாத்திரைய இன்னைக்கே நிறுத்து. நீ தலசீமியா கேரியர், பரம்பரையா வர்ற ரத்தக் குறையில பாதி உன்கிட்ட இருக்கு. அதனால உனக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. ஆனா மாப்பிள்ளையும் கேரியரா இருந்தா, பொறக்கிற பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துற நிலைமை வரலாம். கல்யாணத்துக்கு முன்னால அவரையும் பார்த்திரணும்."

"கல்யாணம் நின்னு போயிரும்ணே" என்று அழுதேன்.

"நீ சொல்லாம என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. சொல்ல வேண்டியது நீதான். கூட வேணா நான் வர்றேன்."

வந்தார். சுங்கை பினாங்கில் சுரேன் வீட்டில், சுரேனின் அம்மா தட்டில் பலகாரத்தோடு தேநீரும் கொண்டுவந்தார். அண்ணனின் கை கிளாஸை நோக்கிப் போனது. நான் முறைத்தேன். கை திரும்பிவிட்டது. எனக்காக அவர் செய்த மாபெரும் தியாகம் அது. பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"இது ஒட்டிக்குமா?" என்றார் சுரேனின் அம்மா.

"ஒட்டாதும்மா. பொறவியிலேயே வந்தது. அதான் மாப்பிள்ளையையும் பார்க்கச் சொல்றேன்."

"என் பையன் காளை மாதிரி இருக்கான்!"

"காளைக்கும் இருக்கலாம்மா" என்று பணிவாகச் சொன்ன அண்ணன், இருப்புக் கொள்ளாமல் எழுந்து போய் அந்த அம்மாவின் இமையையே இழுத்துப் பார்த்துவிட்டார். ஐயோ, தண்ணீர்மலை முருகா, தொலைந்தது என் கல்யாணம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது சுரேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, "எடுங்கண்ணே" என்று கையை நீட்டினார்.

"இங்க இல்ல லா, லேப்புக்கு வாங்க" என்று அண்ணன்தான் அவரை அடக்கினார்.

முடிவு வந்த அன்று அண்ணன் என் முகப்பு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "என்னண்ணே?" என்றேன். "அது மாப்பிள்ளையோட ரத்தம். அவர்கிட்டதான் சொல்லணும். சொல்லிட்டேன். ரூல்ஸ் ரூல்ஸ்தான் லா" என்றார். ஆனால் நகரவில்லை. என் கைப்பேசி அடிக்கும்வரை பேனாவை மூடுவதும் திறப்பதுமாக நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல கௌரி" என்றார் சுரேன். நான் ஓவென்று அழுதேன். "சோதனைய ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்" என்றார் அண்ணன். "மொதல் தடவை என் கண்ணையே என்னால நம்ப முடியல."

கல்யாணத்தில் பொரியிடும் நேரம் வந்தது. பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போட அவளுடைய சகோதரன் வரவேண்டும். நான் ஒற்றைப் பிள்ளை. "பொண்ணோட அண்ணன் தம்பி யாருப்பா?" என்று ஐயர் குரல் கொடுத்தார். என் அம்மா சொந்தக்காரர்கள் பக்கம் திரும்புவதற்குள், வேட்டியைச் சரி செய்துகொண்டு ஒருவர் மணவறை ஏறிவிட்டார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?" என்றார் ஐயர்.

"அண்ணன்" என்றார். எதையும் அரை மணி நேரம் விளக்கிச் சொல்கிற மனிதர், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.