ராகு காலத்தில் கம்பைல் ஆன கல்யாண மண்டபம்

ராகு பகவானிடம் நான் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். நான் செய்த காரியத்துக்கு அவர் இன்றுவரை பழி சுமந்துகொண்டிருக்கிறார்.

அப்போது எனக்கு பெங்களூரில் முதல் வேலை. அடுகோடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன வெப்சைட் கம்பெனி. ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. திருப்பத்தூரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் "வேலை நிரந்தரம் ஆயிடுச்சாடா?" என்பார். "ஆன மாதிரிதாம்மா" என்பேன். (ஆகவில்லை என்பதைச் சொல்ல இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை.) கடைசிப் பரீட்சையாக மேனேஜர் ஷோபா மேடம் ஒரு வேலை கொடுத்தார். ஒக்கலிபுரத்தில் தனபால் சார் என்பவர் நடத்தும் கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு வெப்சைட். வெள்ளிக்கிழமை காலை மண்டபத்திலேயே திறப்பு விழா. "இது நல்லா முடிஞ்சா உன் லெட்டர் ரெடி" என்றார்.

வியாழக்கிழமை மதியம் தனபால் சார் கூப்பிட்டார். "தம்பி, புக்கிங் பட்டன் ரோஸ் கலர்ல இருக்குது. மெரூனா இருந்தா லட்சணமா இருக்கும். ஆனா எதுவா இருந்தாலும் நாளைக்கு நல்ல நேரத்துல ஏத்துங்க. ஒன்பதரைக்கு மேல, பத்தரைக்குள்ள. அப்புறம் ராகு காலம்."

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. மாற்றினேன். என் லேப்டாப்பில் பட்டன் ரோஸாகவே இருந்தது.

இங்கே கொஞ்சம் தொழில் ரகசியம். நிறம், அளவு சொல்லும் ஸ்டைல் கோப்புகளையும் பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் கோப்புகளையும் சர்வரில் அப்படியே வைக்க மாட்டோம். முன்கூட்டியே கம்பைல் செய்து, அதாவது மொத்தமாக அரைத்து, வைத்துக்கொள்வோம். இட்லிக்கு மாவு அரைத்து வைப்பது போலத்தான். முந்தைய வாரம் ஆர்வக்கோளாறில் என் லேப்டாப்பிலும் ஒருமுறை அரைத்துப் பார்த்து, அந்த மாவை அங்கேயே விட்டிருந்தேன். அதன் பிறகு நான் புதிதாக என்ன எழுதினாலும், லேப்டாப் பழைய மாவிலேயே இட்லி ஊற்றிக்கொண்டிருந்தது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றைக்குத் தெரியாததால் மெரூனைப் பச்சையாக்கினேன். வரவில்லை. பட்டனைப் பத்து மடங்கு பெரிதாக்கினேன். வரவில்லை. அதைப் பம்பரம் மாதிரி சுற்றவிட்டேன். அசையவில்லை. ஸ்டைல்தான் வேலை செய்யவில்லை, ஸ்கிரிப்ட்டாவது செய்கிறதா என்று பார்க்க, பக்கம் திறந்ததும் ஒரு பெட்டி வந்து "வருதா?" என்று கேட்கும்படி எழுதினேன். வரவில்லை. கீழே இன்னொன்று: "இப்ப வருதா?" அப்புறம்: "ஐயா சாமி, வந்துடு." பிறகு: "நீயெல்லாம் ஒரு வெப்சைட்டா?" கடைசியாக: "நாசமாப் போ."

லேப்டாப்பில்தான் கோளாறு, சர்வரில் எல்லாம் சரியாக வரும் என்று முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு சரி என்பதுதான் கொடுமை. நிறத்தை மட்டும் மறுபடி மெரூனாக்கிவிட்டு, வேலை செய்யாத வரிகளால் யாருக்கு என்ன கெடுதல் என்று மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் ரிசப்ஷனுக்கு வைத்திருக்கும் பெரிய திரை. எதிரே சார் வீட்டுச் சொந்தக்காரர்கள் நாற்பது பேர், கையில் கேசரி பாத். பத்து ஐந்துக்கு, புதிய பக்கத்தைச் சர்வரில் ஏற்றும் கட்டளையைத் தட்டினேன். சின்ன சர்வர், மெதுவாக அரைத்தது. அது அரைத்து முடிக்கும்வரை பழைய பக்கம்தான் தெரியும். அந்தப் பழைய பக்கத்தைத்தான் தனபால் சார் விளக்கேற்றித் திறந்துவைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டன் நிறத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கு லெட்டரே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பத்து முப்பத்திரண்டுக்குத் தாமதமாக வந்த மைத்துனருக்காக, சார் பக்கத்தை மறுபடி திறந்தார்.

"வருதா?" என்று கேட்டது திரை.

"எது வருது?" என்றார் மைத்துனர்.

சார் ஓகே அழுத்தினார். "இப்ப வருதா?" மறுபடி ஓகே. நல்ல மனிதர், ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துப் படித்து அழுத்தினார். "நாசமாப் போ" என்று தன் மண்டபத்தில் தன் வாயாலேயே படித்துவிட்டு நின்றார். பின்னால் பாதித் திரையை அடைத்துக்கொண்டு ஒரு மெரூன் பட்டன் சுற்றிக்கொண்டிருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு.

சார் மெதுவாக வாட்சைப் பார்த்தார். "ராகு காலம்" என்றார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கன்னடம் கலந்த தமிழில் தடுத்தார். "சும்னே இரு தம்பி. நல்ல நேரத்துல நல்லாத்தான இருந்துச்சு? இப்ப கை வெச்சா அவருக்கு இன்னும் கோவம் வரும். பன்னெண்டுக்கு மேல பாத்துக்கலாம்."

ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கம் ஊரையே திட்டியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓர் அம்மாள், "மண்டபம் பாக்கலாம்னு தொறந்தா நாசமாப் போன்னு சொல்லுதேங்க" என்றார். சார் பணிவாக, "ராகு காலம்மா, பன்னெண்டுக்கு மேல தொறங்க" என்றார். அந்த அம்மாளும் "ஓ, சரிங்க" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டுக்கு மேல் சரி செய்தேன். விழாவுக்கு வந்திருந்த ஷோபா மேடம் என்னைத் தூணோரம் கூப்பிட்டார். "ஏனப்பா இது? கிளையன்ட் ராகுன்னு சொல்றாரு. ஆனா கோட்ல உன் பேருதான் இருக்கு, ராகு பேரு இல்லையே." "அவரு சந்தோஷமா இருந்தா லெட்டர். இல்லைன்னா நீ ஊருக்குப் போலாம்."

தனபால் சார் சந்தோஷப்பட ஒரே வழிதான் சொன்னார்: மண்டபத்துக்குப் பக்கத்து அம்மன் கோயிலில், ஒன்பது வெள்ளிக்கிழமை ராகு காலத்தில், நான் எலுமிச்சம்பழ விளக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினேன். வரிசை முழுக்கப் பெண்கள். நான் ஒருவன்தான் ஆண். நான்காம் வாரம் பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "உங்களுக்கும் கல்யாணம் தள்ளிப் போகுதா?"

"இல்லீங்க, எனக்கு ஸ்டைல்ஷீட்ல தோஷம்" என்று ஆரம்பித்து, உண்மையை முழுக்கச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பூசாரி திரும்பிப் பார்த்தார்.

ஒன்பதாம் வாரம் முடிந்து லெட்டர் வந்தது. அடுத்த வருஷம் அதே மண்டபத்தில் எனக்கும் கோயில் வரிசையில் சிரித்த அந்தக் கவிதாவுக்கும் கல்யாணம் நடந்தது. இரு வீட்டாருக்கும் அவள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். இன்றும் நான் குக்கரைத் தீய்த்தால், "பாவம், ராகு" என்பார் என் மாமியார்.

தனபால் சாருக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் போன் செய்து, "ராகு கெடுக்கற மாதிரி கெடுத்து நல்லது பண்ணிட்டாரு பாத்தியா" என்பார். போன வருஷம் எனக்கு மனசு தாங்கவில்லை. "சார், அது ராகு இல்ல. எல்லாம் எழுதினது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

கவிதா ஓடிவந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீதான் எழுதின, சரி" என்றார் சார். "உன்ன எழுத வெச்சது யாரு? இன்னும் உன்ன விடல போலருக்கே தம்பி. வர்ற வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தோட கோயிலுக்கு வந்துடு."

போனேன்.