வாஷரும் மாமனாரின் குளியலும்

ஞாயிறு காலை மணி 7.40. கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது, குளியலறைச் சுவர்க் குழாயிலிருந்து வாளிக்குள் விழுந்த சொட்டு. வாஷர் தேய்ந்திருந்தது. பதினொரு மணிக்கு மாமனார் வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. அவர் கண்ணில் இந்தச் சொட்டு படக்கூடாது என்று முடிவு செய்தேன். பத்திரிகையில் பிறர் தவறைத் திருத்தியே சம்பளம் வாங்கியவன் நான், குழாய் எம்மாத்திரம்? (அந்த வயதில் இப்படித்தான் யோசிப்பேன்.)

டெல்லி கரோல் பாக்கில் எங்கள் மொட்டை மாடியில் நான்கு வீட்டுக்கு நான்கு கறுப்பு டேங்க், நான்கு வால்வு. எது எங்களுடையது? எங்கள் தொழிலில் எதையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கீழ்வீட்டு குப்தாஜியைக் கேட்டேன்.

"அச்சா, இடது கோடி வால்வு. பக்கா!"

டெல்லியில் யாரும் 'தெரியாது' என்று சொல்வதில்லை. அடுத்து அவர் மனைவியைக் கேட்டேன். அவரும் இடது கோடி என்றார். உறுதியாயிற்று. இடது கோடியை மூடினேன்.

"ஏங்க, தண்ணி நின்னுடுச்சான்னு குழாயைத் திறந்து பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி ரேவதி.

"ரெண்டு பேர்கிட்ட கேட்டாச்சு."

"அது ரெண்டு பேரா? புருஷனும் பொண்டாட்டியும்ங்க!"

அதற்குள் ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் என் மூக்குக் கண்ணாடியை எதிர்ச் சுவருக்கு அனுப்பியது. நான் உள்ளங்கையால் அடைத்தேன். அது என் சட்டைக்குள் வழி கண்டுபிடித்தது. ரேவதி மாடிக்கு ஓடி எங்கள் வால்வைக் கண்டுபிடித்தாள். அது துருப்பிடித்துக் கிடந்தது; திரும்பவில்லை. அரை மணி நேரத்தில் டேங்க் காலி. எங்கள் தெருவில் தண்ணீர் விடியற்காலை ஒரு மணி நேரம்தான், இனி மறுநாள்.

பிறகு நிதானமாக வாஷரை மாற்றினேன். குழாய் சொட்டவில்லை. சொட்ட எதுவும் இல்லை.

மாமனார் இரண்டு நாள் ரயில் புழுதியோடு வந்து தோளில் துண்டைப் போட்டார். "குளிச்சிட்டு வந்துடறேன், மாப்பிள்ளை."

நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதி முழுவதையும் சொல்லிவிட்டாள். அவர் ஈரம் காயாத சட்டையோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஏற்கெனவே குளிச்சாச்சு போலிருக்கே!"

நான் மூடியது குப்தாஜியின் வால்வு. அதனால் அவர் டேங்க் தளும்பிக்கொண்டிருந்தது. அவரே மாடிக்குப் போய் அதைத் திறந்துவிட்டு வந்து, "ஆயியே, ஆயியே" என்று மாமனாரைக் கைபிடித்து அழைத்துப் போனார்.

மாமனார் இப்போதும் டெல்லி வந்தால் குப்தாஜி வீட்டில்தான் குளிக்கிறார்.