கொசுவம் மாஸ்டரின் சீனித்துணி

ஊவா மாகாணத்தில் கேக்குக்கும் வெட்கம் உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கொசுவம் மாஸ்டர்தான். உடுத்தாத கேக்கை அவர் யாருக்கும் காட்டமாட்டார்.

நான் நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கிளாக்கர். வீடு பதுளையில். மாஸ்டரின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் அங்கே நடந்தவையெல்லாம் கிழமையோடும் நேரத்தோடும் என் நாட்குறிப்பில் ஏறிவிடும்.

சீனியைக் குழைத்துச் சப்பாத்திபோலத் தேய்த்துக் கேக்கின்மேல் போர்த்துகிறார்களே, அதற்கு ஊரெல்லாம் ஃபொண்டன்ட் என்று பெயர். மாஸ்டருக்கு அது சீனித்துணி. மற்றவர்கள் அதைச் சுருக்கமே இல்லாமல் இழுத்து ஒட்டுவார்கள். மாஸ்டர் ஒட்டமாட்டார். தொங்கவிடுவார். மடித்துச் சரியவிடுவார். கேக் தோளில் முந்தானை போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

"இழுத்து ஒட்டுனா அது கேக் இல்லீங்க, தலகாணி" என்பார். "துணின்னா தொங்கணும். மடிப்பு தானா விழணும். நாம விழ வச்சமுன்னு அதுக்கே தெரியக்கூடாது."

மடிப்பைப் படிப்பதற்காகவே கடைவீதியில் ஒரு சேலைக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நாள் தவறாமல் நிற்பார். ஒரு வியாழக்கிழமை அவர் நாற்பது நிமிடம் நின்றதை எதிர்க்கடையில் இருந்து நானே பார்த்தேன். கடைக்காரர், முஸ்லிம் அண்ணன் என்பதால் எங்களுக்கெல்லாம் நானா, பொறுக்கமாட்டாமல் வெளியே வந்தார்.

"மாஸ்டர், வாங்க வந்தீங்களா, எண்ண வந்தீங்களா?"

"இந்தப் பொம்மைக்கு நேத்து கொசுவத்துல ஒம்பது மடிப்பு, நானா. இன்னைக்கு பதினொன்னு இருக்கு. யாரு மாத்துனது?"

நானா பொம்மையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். "பொம்ம வளந்திருச்சு போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொசுவம் மாஸ்டர் என்ற பெயர் அன்று வைக்கப்பட்டது. பெயர் வைத்தவர் நானா. பரப்பியவன் நான்.

அடுத்தது சல்லடை விவகாரம். எங்கள் சந்தில் மூன்றாவது வீட்டுப் பவானி அக்கா மாவு சலிக்கச் சல்லடை கேட்டுப்போய் மாஸ்டரின் கதவைத் தட்டினார். மாஸ்டர் கதவை நாலு விரல் அகலம் மட்டும் திறந்தார்.

"இப்ப வராதீங்கக்கா. உடுத்திக்கிட்டு இருக்கா."

மாஸ்டருக்கு வயது ஐம்பது, கல்யாணம் ஆகாதவர். பவானி அக்கா சல்லடையை மறந்துவிட்டு வீடு திரும்பினார். மாலைக்குள் அந்தப் பெண் பசறைக்காரி என்று முடிவாயிற்று. மறுநாள் அவளுக்கு ஒரு பிள்ளையும் இருந்தது. மூன்றாம் நாள் சந்துக்காரர்கள் ஆறு பேர் என் தலைமையில் நியாயம் கேட்கப் போனோம்.

"மாஸ்டர், ஒளிவு மறைவு வேணாம். முறையா ஒரு தாலியக் கட்டிருங்க. யாரு அவ?"

மாஸ்டர் எங்களை உள்ளே அழைத்துப் போனார். மேசைமேல் நீல முந்தானை போட்டு ஓர் இரண்டு கிலோ வெண்ணெய்க் கேக் நின்றது. ஆறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். ஏன் கழற்றினோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

இதற்கிடையில் மாஸ்டர் வேலைபார்த்த பேக்கரி முதலாளி, கேக் என்றால் ரோசாப்பூ இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கேக்கு என்னா பாத்தியாங்க, பூ மொளைக்க?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் வேலையை விட்டார். ஆனால் தனியாக யாரும் அவரை நம்பிக் கேக் சொல்லவில்லை. நான்கு மாதம் அப்படியே போயிற்று. கடைசியில் என் மகள்தான், தன் கல்யாணத்துக்குக் கொசுவம் மாஸ்டர் கேக்தான் வேண்டும் என்றாள்.

மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது நின்னா நான் நிக்கிறேன், கிளாக்கரையா. இல்லாட்டி திங்கக்கெழம போயி ரோசாப்பூ பிழியுறேன். மொதலாளி வரச்சொல்லித்தான் இருக்காரு."

கல்யாணம் லுணுகலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் மூன்று பெட்டிகளோடு த்ரீவீலில் ஏறி, உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி இருப்பதாக டிரைவரிடம் சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரும் மூன்று பெட்டிகளும்தான் இருந்தன. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவர் கடைசிவரை மெதுவாகத்தான் ஓட்டினார்.

மண்டபத்தில் ஒரு போர்வையைக் கட்டி மறைத்துக்கொண்டு மாஸ்டர் இரண்டு மணிநேரம் உடுத்திவிட்டார். முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது போர்வையை விலக்கினார். மூன்றடுக்குக் கேக். உச்சியிலிருந்து மேசைவரை தூய வெள்ளைச் சீனித்துணி துன்ஹிந்தை அருவிபோல விழுந்துகொண்டிருந்தது. எனக்கே கண் கலங்கியது.

மடுல்சீமையிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா முன்னால் வந்து நின்றார்.

"இது என்னாங்க?"

"கேக்குங்கம்மா."

"அதுக்கு மேல?"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "துணிங்க. புத்தம் புதுத் துணி."

அந்த வாயை நான் பொத்தியிருக்கவேண்டும். சம்பந்தியம்மா கேக்கை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வெள்ளத் துணி. புதுசு. தலையிலேருந்து காலு வரைக்கும். கல்யாண வீட்டுல கோடி போத்தி வச்சிருக்கீங்களே, இங்க யாரு செத்துப்போனா?"

நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இத வெளிய எடுங்க. இது இங்க இருந்தா எம்மகன் தாலி கட்டமாட்டான்."

நான் குறுக்கே விழுந்தேன். "சம்பந்தியம்மா, அது துணியே இல்லீங்க. வெறும் சீனி. மாஸ்டர், நீங்களே சொல்லுங்க."

ஒரே ஒரு சொல். 'சீனி' என்றால் கேக் நின்றிருக்கும், அவரும் நின்றிருப்பார். மாஸ்டர் என்னை, பெற்ற பிள்ளையைப் பழித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சீனின்னு யாருங்க சொன்னா? துணிதான்."

என் மகள் மணவறைப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மாஸ்டரின் தோள் இறங்கியது. கேக்கை ஒருமுறை சுற்றி வந்தார்.

"அம்மா சொல்றது சரி. தப்பு எம்மேல. புதுத் துணிக்கு மஞ்ச வைக்க மறந்துட்டேன்."

நேரே சமையல்கட்டுக்குப் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மஞ்சள்தூளோடு வந்தார். தண்ணீர் பட்டால் கரையும் துணி என்பதால் நெய்யில் குழைத்திருந்தார். தீபாவளிச் சேலைக்கு வைப்பதுபோல முனையில் ஒரு பொட்டு வைத்தார்.

சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை நீட்டினார்.

"இப்படியா வைப்பாங்க? கொண்டாங்க இங்க."

மற்ற மூன்று முனைகளிலும் அவரே தாராளமாகப் பூசினார். ஓர் அடி பின்வாங்கிப் பார்த்தார். "கொசுவம் ஒரு பக்கம் ஏறியிருக்கே" என்று சொல்லி மடிப்பொன்றைச் சுண்டி இறக்கினார்.

மாஸ்டரின் மடிப்பை அதுவரை யாரும் தொட்டதில்லை.

"ஆமாங்க" என்றார் மாஸ்டர், தணிந்த குரலில். "இப்பத்தான் சரியா இருக்கு."

"சரி, மேளத்த வாசிக்கச் சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா.

தாலி ஏறியது. கேக் வெட்டுவதற்குள் மடுல்சீமைக்காரர்கள் இரண்டு பேர் மாஸ்டரை ஓரங்கட்டி, தங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் மஞ்சள் வைத்த கேக் வேண்டும் என்று சொல்லிவைத்தார்கள். திங்கட்கிழமை பேக்கரி முதலாளி வேறு ஆள் தேடினார்.

பந்தி முடியும்போது மாஸ்டர் ஒரு தட்டோடு என்னிடம் வந்தார். சம்பந்தியம்மா பூசிய முனைகளில் ஒன்றை, மஞ்சள் சிறிதும் கலையாமல் வெட்டி எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். பச்சை மஞ்சள்தூள், அரை விரல் கனம். முதல் வாயிலேயே தொண்டைவரை கசந்தது. மாஸ்டர் நகராமல் எதிரே நின்றார்.

"எப்படிங்க?"

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்று சொல்லி, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றேன்.