மணி அடிக்காத தொலைபேசி பற்றிச் சம்பந்திக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்குப் பணிவான வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். வீட்டுத் தொலைபேசியைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் இல்லை. தாங்களும் சம்பந்தியம்மாளும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் புதுப் பல் செட் வங்கி வரிசையில் நழுவி விழுந்த கதையைச் சொன்னீர்களே, அதற்கு அடுத்த நாளிலிருந்து தங்கள் அழைப்பு வரவில்லை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன், தாங்கள் மனம் நொந்துவிட்டீர்கள் என்று நினைத்து, நானாகக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. பத்தாம் நாள் மகளைக் கூப்பிட்டுக் கேட்டால், “அப்பா, மாமா தினமும் போன் பண்றாராம். ரிங் போய்க்கிட்டே இருக்காம், நீங்க எடுக்கறதே இல்லையாம். பல் செட் கதையைச் சொல்லி மானத்தை வாங்கிக்கிட்டேன்னு புலம்புறார்” என்கிறாள்.

அன்றே வேலையில் இறங்கினேன். ஒயரைப் பிடுங்கி, முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். மாடி வீட்டு நர்ஸம்மா தன் வீட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டு, “ரிங் போகுது சார், எடுங்க” என்று படியில் நின்று குரல் கொடுத்தார். எங்கள் கருவியோ கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. எடுத்துப் பேசினால் கணீரென்று கேட்கிறது. மணி மட்டும் இல்லை. சரி, மணி இல்லாமலே தங்களைப் பிடித்துவிடலாம் என்று இரண்டிலிருந்து மூன்று வரை நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து “ஹலோ, சம்பந்தி” என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மகளைக் கூப்பிட்டால் சொல்கிறாள்: “இப்ப எப்பப் பண்ணாலும் என்கேஜ்டா இருக்காம்ப்பா. வேற யார்கூடவோ பேசுறீங்கன்னு மாமா நினைச்சுக்கிட்டிருக்கார்.”

பிறகு லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், சுவர்ப் பெட்டியைத் திறந்து ஒரு எறும்புக் குடும்பத்தையே வெளியேற்றினார். “லைன் சுத்தமா இருக்கு சார். கருவிக்கு வயசாயிடுச்சு, மாத்திடுங்க” என்று என்னை மேலும் கீழும் பார்த்தபடி சொன்னார். என் மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

குற்றம் செய்த கருவியிலேயே மன்னிப்புக் கேட்பது முறையல்ல என்றுதான் இந்தக் கடிதம். தங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதைவிட எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது, இது சத்தியம். திங்கட்கிழமை புதுக் கருவி வாங்குகிறேன். அதுவரை அழைத்துச் சிரமப்பட வேண்டாம். பெரியவர் தங்களுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, கடையில் காட்டக் கருவியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம் என்று அதைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு சின்னத் திருகு. மணிச் சத்தம் அடியோடு குறைக்கப்பட்டிருந்தது. என் மனைவி அமைதியாக, “நான்தாங்க குறைச்சேன். நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. ஒரே ஒரு நாள் மதியம் தூங்கலாம்னு பார்த்தேன், திருப்பி வைக்க மறந்துபோச்சு” என்றாள். லைன்மேன் வந்தபோதே ஞாபகம் வந்ததாம். அவர் கம்பத்தில் பாதி ஏறியிருந்ததால் சொல்ல மனம் வரவில்லையாம்.

ஆகவே மேலே எழுதியவற்றில் கருவியைப் பற்றிய குறைகளைத் தயவுசெய்து அடித்துவிடவும். இனிமேல் நாலு மணிக்குமேல் பேசச் சொல்லி அவள் கேட்டுக்கொள்கிறாள். தாங்கள் இரண்டு மணிக்கே கூப்பிடுங்கள். கையைக் கருவியின்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருப்பேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவேன்.