பிரியாணியோடு திரும்பி வந்த பென் டிரைவ்

அன்புள்ள மோகனாவுக்கு, ஆம்பூரிலிருந்து உன் மாமா ஆதிகேசவன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை தேவகியும் சுகம். குடியாத்தத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் சுகம் என்று எழுதியது உடம்பைப் பொறுத்தவரை மட்டுமே உண்மை.

போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, எங்க ஸ்கூல்ல பழைய கம்ப்யூட்டருங்க சும்மா கிடக்குது, நீங்க வந்து லினக்ஸ் போட்டுத் தர்றீங்களா? பக்கத்து வீட்டுக்குப் போட்டு நல்லா ஓடுதுன்னு அத்தை சொன்னாங்களே" என்றாய். நான் உடனே அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் எதுவும் பொங்கவில்லை. அத்தை பக்கத்திலேயே நின்றிருந்ததால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

பக்கத்து வீட்டு நிசார் அஹமதுவை உனக்குத் தெரியும். ஷூவின் மேல்பாகம் மட்டும் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். அதற்குத் தோலை வெட்டும் அளவுப் படங்களை, அதாவது பேட்டர்ன் எல்லாவற்றையும், கம்ப்யூட்டரில் வரைவது அவர் மனைவி அஜீஸுன்னிசா. அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் படுத்துவிட்டது, புதிது வாங்கப் போகிறோம் என்று நிசார் வருத்தப்பட்டபோது, ரிட்டயரான பிறகு யூடியூப் பார்த்து நான் கற்றுக்கொண்ட வித்தை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டால் பழைய கம்ப்யூட்டரும் குதிரை மாதிரி ஓடும் என்று சொல்லி, லினக்ஸை ஏற்றிய என் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஒரு இடம் வரைக்கும். அந்த இடத்தை உனக்கு ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மாதனூர் பக்கம் காலையில் கம்பெனி பஸ் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பாய். ஃபேக்டரி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஆட்களும் குளித்துச் சாப்பிட்டுத் தயாராக இருக்கிறார்கள், ஆனால் பஸ் வரவில்லை என்றால் அன்றைக்கு ஒரு ஜோடிகூட தைக்க முடியாது. கம்ப்யூட்டரில் அந்த பஸ்ஸுக்குப் பெயர் பூட்லோடர். ஆன் செய்ததும் அதுதான் முதலில் கிளம்பிப் போய், லினக்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து அழைத்துக்கொண்டு வரும். லினக்ஸ் போடும்போது, இந்த பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று திரையில் கேட்கும். கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலா, செருகியிருக்கிற பென் டிரைவிலா என்று இரண்டு வரி காட்டும். முதல் வரியில் என் பென் டிரைவின் பெயர் இருந்தது. முதலில் இருப்பதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்து நான் படிக்காமலே என்டர் தட்டிவிட்டேன். கேள்வியை முழுசாகப் படிக்காமல் பதில் எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளின் பேப்பரில் சிவப்பு மையால் எழுதியவன் நான், மோகனா.

பென் டிரைவ் செருகியே இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஓடியது. "அது அங்கயே இருக்கட்டும்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அஜீஸுன்னிசா வாரக்கணக்கில் அதில் உட்கார்ந்து, ஒரு கம்பெனிக்குக் காட்டவேண்டிய குழந்தைகள் ஷூவின் பேட்டர்ன் முழுவதையும் வரைந்து முடித்தார். அதற்கு நடுவில் அவர் தங்கைக்கு நிக்காஹ் நடந்தது. நம் இரண்டு வீட்டுக்கும் உள்ள வழக்கம் உனக்குத் தெரியும், இங்கிருந்து போன பாத்திரம் எதுவும் வெறுமையாகத் திரும்பி வராது. சாம்பார் போன கிண்ணத்தில் சேமியா வரும். அந்த அம்மாள் பென் டிரைவையும் பாத்திரக் கணக்கில்தான் பார்த்திருக்கிறார். இவ்வளவு நாள் சார் பொருளை வைத்துக்கொண்டோமே என்று அதைப் பிடுங்கி, போட்டோ ஸ்டூடியோவுக்குக் கொடுத்தனுப்பி, அதில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு நிக்காஹ் வீடியோவை நிரப்பி, ஒரு டப்பா பிரியாணியின் மேல் வைத்து அனுப்பினார். நான் பிரியாணியைச் சாப்பிட்டேன். உன் அத்தை வீடியோவைப் பார்த்தாள். மறுநாள் காலை அங்கே கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

கூப்பிட்டார்கள், போனேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, பஸ்ஸை என் பையில் வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு ஆள் வரவில்லை என்று நிற்கிறேன் என்று. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நிசார் கையைக் கட்டிக்கொண்டு, பழைய மாணவன் மாதிரி, "இன்னா ஆச்சு சார்?" என்று கேட்டார். நான், "வோல்டேஜ் ஜாஸ்தியா வந்திருக்கும், உள்ள எரிஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். சாயங்காலமே ஸ்டெபிலைசர் வாங்கி வந்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்து புது ஒயர் இழுத்தார். டீக்கடையில் யாரோ, வாத்தியார் கை வைத்துத்தான் கெட்டதாமே என்று கேட்டதற்கு, "எங்க சார் மேல தப்பே கிடையாது, கரண்ட் பேஜார்" என்று சண்டைக்குப் போனாராம். இதை என்னிடம் சொன்ன கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை கம்பெனி ஆள் பேட்டர்ன் பார்க்க வருகிறார். காட்ட முடியாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். அங்கே தைக்கிற பெண்கள் காலையில் என்னைத் தாண்டிப் போகும்போது "வணக்கம் சார்" என்கிறார்கள். நான் இப்போது பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன்.

அத்தை மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "பென் டிரைவ் வந்த மறுநாளே கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சே, அது இன்னாங்க கணக்கு?" என்றாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஆகவே, மோகனா, உன் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு நான் ஆள் இல்லை. படித்த பிள்ளை யாரையாவது பார்த்துக்கொள். மாமாவுக்கு முதுகுவலி என்று உன் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடு. இனி எந்தக் கம்ப்யூட்டரையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். எல்லாரும் நீண்ட ஆயுளோடும், என்னைவிட நிதானமான விரல்களோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமா,
ஆதிகேசவன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஜன்னலில் பார்த்தால் நிசார் அந்தக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே எரிந்துவிட்டது என்று நான் சொன்னேன் அல்லவா, காயலான் கடைக்குப் போட எடுத்துக்கொண்டு போகிறார். பேட்டர்ன் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது, மோகனா. பனியனும் லுங்கியுமாக ஓடிப்போய் ஆட்டோவுக்கு முன்னால் நின்றேன். தைக்கிற பெண்கள், டீக்கடைக்காரர், உன் அத்தை, எல்லார் முன்னாலும் சொன்னேன். "எரியல நிசார். நான்தான் படிக்காம தட்டிட்டேன். கரண்ட் மேல பழி போட்டுட்டேன்." நிசார் ஆட்டோக்காரரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு, "அப்ப ஸ்டெபிலைசர் இன்னாத்துக்கு சார்?" என்றார்.

ஆட்டோவிலிருந்து இறக்கி, வேறொரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு எடுத்துப்போய், உள்ளே இருப்பதை அழிக்காமல் பூட்லோடரை மட்டும் மறுபடி வைக்கும் வழியில் உட்கார்ந்தேன். அதே கேள்வி, அதே இரண்டு வரி வந்தது. என் விரல் பழைய பழக்கத்தில் நகர்ந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அஜீஸுன்னிசா, "கைய எடுங்க சார். சத்தமா படிங்க" என்றார். இரண்டு வரியையும் சத்தமாகப் படித்தேன். தமிழில் அர்த்தம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அதற்குப் பிறகுதான் என்டர் தட்ட விட்டார். பஸ் இந்தத் தடவை ஃபேக்டரி ஷெட்டிலேயே நிற்கிறது. குழந்தைகள் ஷூ திரையில் வந்ததும் தைக்கிற பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது முன்வாசல் வழியாகவே வந்தேன், தலை மட்டும் நிமிரவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் உன் பள்ளிக்கு வருகிறேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. நான் வருவதற்குள் நீ ஒரு வேலை செய்து வை. அங்கே இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் செருகியிருக்கிற பென் டிரைவை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒரு தடவை அணைத்து ஆன் செய்து பார். எனக்கு முன்னால் என்னைப் போல் யாராவது வந்து படிக்காமல் தட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.