மூன்று முழக் கோல்

மணிமுடிபுரி என்ற நாட்டில் எல்லாம் இருந்தது, சாலையைத் தவிர. சாலை இருக்க வேண்டிய இடத்தில் குழிகள் இருந்தன. பெரிய மனிதர்கள் மோட்டார் ரதங்களில் அவற்றின் மேல் ஏறி இறங்கிப் போனார்கள். மற்றவர்கள் சைக்கிளில் போனார்கள், அல்லது போய்ச் சேர்ந்தார்கள்.

பூவாத்தாள் இடியாப்பம் விற்பவள். குழி வந்தால் அவள் வலப்பக்கம் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்கும் நேரம் பார்த்து ரதம் ஒன்று முழங்கையை உரசிக்கொண்டு பறக்கும். போன மாதம் அப்படித்தான் விழுந்தாள். ரதத்தின் பின்சக்கரம் அவள் கொண்டையைத் தொட்டுவிட்டுப் போனது. வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை. அன்று முதல் பெடலில் கால் வைக்கும் முன் இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

ரதக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சைக்கிள்கள் திடீர் திடீரென்று ஒதுங்குவதாக அரண்மனைக்கு மனு கொடுத்தார்கள். உடனே ‘நேர்கோட்டுச் சட்டம்’ வந்தது. சைக்கிள்கள் இனி ஒதுங்கக் கூடாது. சட்டத்தை மதித்தவர்கள் எல்லாம் குழியில் விழுந்தார்கள். விழுந்தவர்களால் நாட்டின் பெயர் கெடுகிறது என்று அடுத்த ஆணை வந்தது: குழிகள் இன்றுமுதல் அரச நீர்நிலைகள், அவற்றில் சக்கரத்தை இறக்கிக் கலக்குவோர் பத்து முறை வலம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒதுங்கினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம். சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

பூவாத்தாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாலைத்துறை மகாமந்திரி நெடுங்கிள்ளியாரிடம் போய் நின்றாள்.

“ஏனுங்க சாமி, ரதம் எங்களத் தாண்டறப்ப மூணு முழம் தள்ளிப் போகச் சொல்லுங்க. அது போதும்.”

“அதென்ன மூன்று முழக் கணக்கு? நிபுணர் குழு ஏதும் பரிந்துரைத்ததா?”

“நான் விழுந்து கெடந்தப்ப என் தலைக்கும் சைக்கிளுக்கும் நடுவால அவ்வளவு இருந்துதுங்க. எந்திரிச்சதும் அளந்து பாத்தனுங்க.”

மகாமந்திரி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, “அப்படியானால் அளவுக்கு ஆதாரம் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு” என்றார்.

மூன்றாவது ஆணை பிறந்தது. ஒவ்வொரு சைக்கிளிலும் மூன்று முழக் கோல் ஒன்று வலப்பக்கமாக நீட்டிக் கட்டப்பட வேண்டும். கோல் அரசின் இலவசம். மணிமுடிபுரியில் இலவசம் என்றால் மன்னர் படம் இல்லாமல் வராது. கோலின் நுனியில் தாம்பாளம் அளவுக்கு மன்னர் சிரித்துக்கொண்டிருந்தார். மன்னர் படத்தில் கீறல் போட்டால் ஆயுள் சிறை என்பது அந்நாட்டின் பழைய சட்டம். ஆணை எழுதிய அதிகாரிகளில் ஒருவருக்கும் அது நினைவில்லை.

மறுநாள் காலையில் பூவாத்தாள் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். ஏதாவது ரதம் கோலில் இடித்துத் தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்றே நினைத்தாள். அரண்மனை வீதியில் பெரிய குழி வந்தது. பின்னால் ரதத்தின் ஊதல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கினாள்.

கிறீச்சென்று சத்தம். ரதம் நின்றது. பிறகு பூனைபோல நகர்ந்து, எதிர்ப்பக்கக் குழியில் இறங்கி ஏறி, படத்துக்கு மிகத் தள்ளிச் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டுநர் கும்பிடு போட்டார். உள்ளே இருந்தவரும் எழுந்து கும்பிட்டார். மகாமந்திரி நெடுங்கிள்ளியார்.

பூவாத்தாள் சைக்கிளை ஓரமாக நிறுத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்று தெருத்தெருவாக அவள் குரல் மணிபோல ஒலித்தது. அந்த மாதம் யாரும் அடிபடவில்லை. அடுத்த மாதமும் இல்லை. ‘குடிமக்கள் உயிரின் அருமையை ரதவாசிகள் உணர்ந்துவிட்டார்கள்’ என்று மகாமந்திரி சபையில் முழங்கினார். சபை மேசையைத் தட்டியது.

ஓராண்டு கழித்து ஆட்சி மாறியது. பழைய மன்னரின் அடையாளங்களைப் பொழுது சாய்வதற்குள் அகற்றும்படி புதிய மன்னர் ஆணையிட்டார். பூவாத்தாள் வாசலுக்கு அரசு அலுவலர் ஒருவர் அரிவாளோடு வந்து, கோலைக் கட்டியிருந்த கயிற்றை அறுக்கக் குனிந்தார்.

அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூஞ்சிய மட்டும் மாத்திப்போட்டுப் போங்க சாமி. எந்த மூஞ்சியா இருந்தாலும் சரிங்க. கோலு இருக்கட்டும்.”