நான்கு முழ நிலமும் ஒரு சமோவாரும்

மின்ஸ்க் நகரில் மார்க்கச் சட்டப்படி தீர்ப்பு வழங்கும் மைத்துனர் அன்ஷெல் அவர்களுக்கு, ஷ்கோட்னாவிலிருந்து நப்தலி எழுதியது. என் தங்கைக்கும் குழந்தைகளுக்கும் இறைவன் நல்ல பற்களையும், அவற்றுக்குப் போதிய வேலையையும் அருளட்டும்.

சென்ற செவ்வாய்க்கிழமை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இனிமேல் சொந்த சமோவாரில்தான் தேநீர் குடிப்பது என்று தீர்மானித்தேன். மாற்றுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. அப்போதுதான், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வழிவந்த ஒவ்வொரு யூதனுக்கும் கடவுள் வாக்களித்த தேசத்தில் நான்கு முழ நிலம் உண்டு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது நினைவுக்கு வந்தது. என் பங்கை நான் பார்த்ததில்லை. சமோவார் வைத்திருந்த பக்கத்து வீட்டு மீன்காரன் கெட்சலிடம், அதற்கு மாற்றாக அந்தப் பங்கைத் தருகிறேன் என்றேன்.

"அதை வச்சு நான் என்னடா பண்றது?"

"உன்னோடது நாலு, என்னோடது நாலு. எட்டு முழம். தாராளமா காலை நீட்டிப் படுக்கலாம்."

"இப்பவேவா?" என்று சிரித்துக்கொண்டே கைக்குட்டையை நீட்டினான். வழக்கப்படி நான் அதைப் பிடித்து இழுத்தேன். விற்பனை முடிந்தது, சமோவார் வந்தது.

மறுநாள் ஜெபக்கூடத்தில், ஜெபம் தொடங்கத் தேவையான பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்க, ஆட்களை எண் சொல்லி எண்ணக் கூடாது என்பதால், பத்துச் சொல் வசனத்தை ஆளுக்கொரு சொல்லாக எண்ணினார்கள். மூன்று முறை எண்ணியும் கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை.

"நான் இருக்கேன்யா!" என்றேன்.

"இருங்க, யாரு வேண்டாம்னா? ஆனா ஒரு ஆள் குறையுதே."

வீட்டுக்கு வந்தால், என் மனைவி பெய்லா பெருக்கிக்கொண்டிருந்தாள். "தள்ளி நில்லுங்க" என்றாள். தள்ளினேன். "இன்னும் கொஞ்சம்." தள்ளித் தள்ளித் தெருவுக்கே வந்துவிட்டேன். "நான் எங்கேதான்டி நிக்கறது?" என்று கேட்டதற்கு, "உங்க இடத்துல நில்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவெல்லாம் பனி. நான் நடந்த இடத்தில் தடம் இல்லை. கெட்சல் தனியாகத்தான் போனான், அவன் பின்னால் இரண்டு ஆள் தடம் இருந்தது. என் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று அவன் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"போடா. அதை வாங்கினதிலேருந்து எனக்கு முட்டி வலியே இல்லை" என்கிறான்.

நிலம் கடவுளுடையது, நாம் அதில் தங்கிப்போகிறவர்கள் என்று நீங்களே பிரசங்கம் செய்திருக்கிறீர்கள். அப்படியானால் நான் விற்றது செல்லாது அல்லவா? உடனே தீர்ப்பு எழுதி அனுப்புங்கள். தங்கள் தாடி நூற்றிருபது வயது வரை வளரட்டும்.

நப்தலி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கெட்சல் மனம் இரங்கிவிட்டான்; சமோவாரை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை நிலத்தைத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்தான். வியாழக்கிழமை இறந்துவிட்டான். அடக்கத்துக்குப் போய்வந்தேன். குழி வெட்டுபவர் அருகருகே இரண்டு வெட்டியிருந்தார், ஒவ்வொன்றும் நான்கு முழம். இரண்டையும் மூடினார்கள்.